எந்தக் கரண்டிக்கு எந்த மரம்?

சில ஆண்டுகளாக நம் சமையலறைகளில் மரச் சாமான்கள் மீண்டும் இடம் பிடித்திருப்பதை வாசக அன்பர்கள் கவனித்திருப்பார்கள். எவர்சில்வர் வந்தபோது பரணுக்குப் போன மரக்கரண்டியை 'நான்ஸ்டிக்' வாணலி வந்து கீழே இறக்கிவிட்டது. உலோகம் பட்டால் அந்தப் பூச்சு கீறிப் போகும் என்பதால் தோசை திருப்பியிலிருந்து பொரியல் கிளறும் துடுப்பு வரை மரத்தில் வாங்குகிறோம். டெல்லியோ, மும்பையோ, ஹைதராபாதோ, கைவினைப் பொருட்காட்சிக்குப் போனால் மரக்கரண்டிக் கடை ஒன்று கட்டாயம் இருக்கும். கடைக்காரரிடம் "இது என்ன மரம்?" என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல மரம் சார்" என்பார். "மேலே என்ன பூசியிருக்கிறது?" என்றால் "பாலிஷ் சார்" என்பார். அதற்கு மேல் பதில் வராது.

தாவரவியலில் பி.எஸ்ஸி. முடித்து, மத்திய அரசுப் பணியில் சேர்ந்து, டேராடூன், கொல்கத்தா, பெங்களூரு என்று ஊர் ஊராக மாற்றலாகி ஓய்வு பெற்றவன் நான். போன ஊரிலெல்லாம் கடைசல் பட்டறைகளை எட்டிப் பார்ப்பது என் பழக்கம். அதில் தெரிந்துகொண்டது ஒன்று. எந்தச் சாமானுக்கு எந்த மரம் என்ற கேள்வி நம் நாட்டில் மிகப் பழையது. அதற்குத் தெளிவான பதில்களும் இருந்தன. இப்போது சாமான் திரும்பி வந்துவிட்டது, அந்தப் பதில்கள் அதனுடன் வரவில்லை. அவற்றில் எனக்குத் தெரிந்தவற்றைத் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாகசாலைக் கரண்டிகள்

கரண்டிக்கு மரம் குறித்த மிகப் பழைய குறிப்பு ஒன்று யஜுர் வேதத்தில், தைத்திரீய சம்ஹிதையின் மூன்றாம் காண்டத்தில் இருக்கிறது. நெய்யை முகந்து எடுக்கும் சிறு கரண்டியான ஸ்ருவம் கருங்காலி எனப்படும் கதிர மரத்தில் செய்யப்பட வேண்டும். ஆஹுதி செய்யும் ஜுஹூ பலாச மரத்தில், அதாவது நாம் புரசு என்று சொல்லும் மரத்தில். உபப்ருத் அரச மரத்தில். த்ருவா விகங்கத மரத்தில். நான்கு கரண்டிகள், நான்கு மரங்கள்.

இவற்றுக்கு வேதம் சொல்லும் காரணங்கள் யாகத்தின் தத்துவத்தைச் சார்ந்தவை. அவற்றை விளக்கும் தகுதி எனக்கில்லை. எல்லாமே உறுதி கருதித் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்று சொல்லவும் முடியாது. பலாசம் லேசான மரம், எளிதில் உளுத்துப் போகும். ஆனால் ஒன்றை மட்டும் கவனிக்கலாம். நெய்ப் பாத்திரத்துக்கும் மற்றக் கரண்டிகளுக்கும் இடையே ஓயாமல் போய்வருவது ஸ்ருவம்தான். அதற்கு விதிக்கப்பட்ட கதிரம், நான்கிலும் மிகக் கடினமானது. அதன் வைர மரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொதிக்க வைத்து இறக்குவதுதான் வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி. அந்தத் துவர்ப்புப் பொருள் நிறைந்திருப்பதால் கரையானும் பூஞ்சையும் அதனிடம் எளிதில் நெருங்குவதில்லை. உலக்கைக்கும் கலப்பைக்கும் அந்த மரத்தைத் தேடியதற்குக் காரணமும் அதுதான்.

அக்பர் நிறுத்துப் பார்த்த மரங்கள்

அடுத்த சாட்சி முகலாய அரண்மனையிலிருந்து வருகிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபஸல் எழுதிய 'அயினி அக்பரி'யில் மரங்களின் எடைக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு மரத்திலும் ஒரு கன கஜம் அளவு எடுத்து நிறுக்கச் சொன்னாராம் அக்பர். அப்படி 72 வகை மரங்களின் எடை அட்டவணையாகத் தரப்பட்டிருக்கிறது. கஞ்சக் என்ற மரம் மிகக் கனமானது, ஸஃபேதார் என்ற மரம் மிக லேசானது. நமக்குப் பழக்கமான புளிய மரமும், வடக்கே 'கைர்' எனப்படும் அதே கதிரமும் கனமான மரங்களின் வரிசையில் இருக்கின்றன.

இன்று அடர்த்தி என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாடம் இதுதான். அரண்மனைக்கு இது கட்டட வேலைக்காகத் தேவைப்பட்டது. ஆனால் அடுக்களைச் சாமானுக்கும் முதல் கேள்வி எடைதான். இடிப்பதும் தேய்ப்பதும் எடையின் வேலை. அதனால் உலக்கைக்குப் புளி, கருங்காலி போன்ற கனத்த மரம். வட இந்தியாவில் சப்பாத்தி இடும் சக்ளா, பேலனுக்கு ஷீஷம் எனப்படும் சிசு மரம். கட்டைக்கே போதிய கனம் இருந்தால் கை அழுத்த வேண்டியதில்லை. கடைவதும் கிளறுவதும் கையின் வேலை. அங்கே கனம் கூடினால் தோள் வலிக்கும். மோர் மத்துக்கும் துடுப்புக்கும் நடுத்தர எடையில், இழை நெருக்கமான மரம் வேண்டும். நம் பாட்டிமார்கள் கடையில் மத்தைக் கையில் எடுத்து இரண்டு முறை சுழற்றிப் பார்த்து வாங்கியது இதற்காகத்தான்.

குமாவூன் மலையின் தயிர்க் குடுவை

எடை போதாது, தண்ணீரில் நனைந்து நனைந்து காய்வதைத் தாங்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறிய மரங்களை நான் கண்டது உத்தராகண்டின் குமாவூன் மலைப்பகுதியில். அங்கே பால், தயிர், நெய் எல்லாவற்றுக்கும் மரக் குடுவைகள் இருந்தன. தயிர்க் குடுவைக்கு 'டேகி' என்று பெயர். சுன்யாரா எனப்படும் கடைசல் குடும்பத்தார் குளிர்காலத்தில் மலையிலிருந்து அடிவாரக் காடுகளுக்கு இறங்கி வந்து, ஓடைக்கரையில் தங்கிக் கடைவார்கள். டேராடூனில் வேலை பார்த்தபோது, 1980களில் அலுவலக விஷயமாக நைனிடால் பக்கம் போன சமயம் அந்தப் பட்டறை ஒன்றைப் பார்த்தேன். மின்சாரம் இல்லை. ஓடைத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி ஒரு மரச் சக்கரத்தின் மீது விழ வைத்திருந்தார்கள். சக்கரத்தின் அச்சு முனையில் பொருத்திய மரத்துண்டு சுழல, வளைந்த இரும்பு உளியால் ஒருவர் அதைக் குடைந்துகொண்டிருந்தார்.

அவர்கள் தேடிய மரங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று கேட்டி, தாவரவியலில் பொஹ்மேரியா ருகுலோஸா. மற்றது சானன், உஜ்ஜயினி நகரின் பெயரைத் தாங்கிய ஊஜெய்னியா என்ற இனம். இரண்டும் இழை நெருக்கமானவை. கேட்டி கடைவதற்கு எளிது, பிளவும் குறைவு. குளிர்ப் பிரதேசத்தில் இன்னொரு லாபமும் உண்டு. மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது; உறை ஊற்றிய பால் சீக்கிரம் ஆறிப்போகாது.

ஏன் சில மரங்கள் பிளக்கின்றன, சில தாங்குகின்றன? பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்களின் உள்ளிடத்தில் இருக்கும் நீர் முதலில் வெளியேறும். அதுவரை மரம் சுருங்காது. ஈரம் சுமார் 30 சதவிகிதத்துக்குக் கீழே போனதும் செல் சுவர்களில் பிணைந்த நீர் வெளியேறத் தொடங்கும்; அப்போதுதான் சுருங்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. எனவே நடுத்தண்டோடு சேர்த்து வட்டமாக அறுத்த கட்டை, காயும்போது ஓரத்திலிருந்து மையம் நோக்கி வெடித்தே தீரும். கடைசல்காரர் மரத்தை முதலில் பிளந்து நடுத்தண்டை ஒதுக்குவது இதனால்தான். டேகியில் உள்ளே குடைந்து எடுத்துவிடுவதால் நடுத்தண்டின் பெரும்பகுதி போய்விடுகிறது. மெல்லிய சுவர் உள்ளும் புறமும் சீராகக் காய்கிறது. இந்தச் சுருக்கக் கணக்கை நான் கல்லூரியில் கரும்பலகையில் படித்தேன். பள்ளிக்கூடமே போகாத அந்த மனிதர் அதைக் கையால் செய்துகொண்டிருந்தார்.

அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தபின் டேகி வாங்குவோர் குறைந்தார்கள். மரம் கிடைப்பதும் அரிதாயிற்று. இன்று அந்தத் தொழிலில் மிகச் சிலரே இருக்கிறார்கள்.

டேராடூன் எழுதி வைத்தது

இவ்வளவு அனுபவ அறிவும் புத்தகமாக ஏறத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஜேம்ஸ் சைக்ஸ் கேம்பிள் என்ற வனத்துறை அதிகாரி 1881இல் இந்திய மரங்களைப் பற்றிய கையேட்டை வெளியிட்டார். பிறகு சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுக்கத் தொடங்கியவரும் அவர்தான். 1906இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1932இல் பியர்சனும் பிரவுனும் எழுதிய இந்திய வணிக மரங்கள் பற்றிய நூல் இரண்டு தொகுதிகளாக வந்தது. அந்த நிறுவனத்தின் மர அருங்காட்சியகத்தில் 700 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த தேவதாரு ஒன்றின் குறுக்கு வெட்டு இருக்கிறது. டேராடூன் போகும் அன்பர்கள் தவறாமல் பார்க்க வேண்டும்.

ஆனால் அரசாங்கம் மரத்தை ஆராய்ந்தது ரயில் தண்டவாளக் கட்டைக்கும், பாலத்துக்கும், கப்பலுக்கும், ராணுவத்துக்கும். கரண்டிக்காக அல்ல. கேம்பிள் போன்றோர் 'உலக்கைக்கு ஆகும்', 'சீப்புக்கு ஆகும்' என்று உள்ளூர்ப் பயன்களை ஓரிரு சொற்களில் குறித்து வைத்தார்கள். அந்தச் சொற்கள்தான் அடுக்களைக்குக் கிடைத்த பங்கு. மீதி, பட்டறையிலும் வீட்டிலும் வாய்மொழியாகவே இருந்தது. எழுதி வைக்காததால், கேட்பவர் நின்றதும் அதுவும் நின்றுவிட்டது.

டேராடூனில் பிறந்த இன்னொரு கண்டுபிடிப்பும் நம் கரண்டியைத் தொடுகிறது. 1933இல் அங்கே பணியாற்றிய சொண்டி காமேசம் என்ற விஞ்ஞானி, செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மரக்காப்பு மருந்தை உருவாக்கினார். ஆர்சனிக், செம்பு இரண்டின் ரசாயனக் குறியீடுகளைச் சேர்த்து அதற்கு 'ஆஸ்கு' என்று பெயர். மின்கம்பங்களையும் தண்டவாளக் கட்டைகளையும் கரையானிடமிருந்து காப்பாற்றி உலகெங்கும் பரவிய மருந்து அது. நம்மவர் ஒருவரின் சாதனை என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் ஆர்சனிக் ஆர்சனிக்தான். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான மரங்களில் அதைப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்தப்பட்டது. இடித்த கட்டடத்திலிருந்து வந்த மரம், பழைய கம்பம், லேசாகப் பச்சை நிறம் ஓடிய பலகை ஆகியவற்றிலிருந்து சமையல் சாமான் செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பாக்கிங் பெட்டி மரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2002இல் வந்த சர்வதேச விதிப்படி ஏற்றுமதிப் பெட்டிகளில் முத்திரை இருக்கும். 'எச்.டி.' என்றால் சூடாக்கிப் பூச்சியைக் கொன்றது. 'எம்.பி.' என்றால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் கொன்றது. இரண்டாவதை அடுக்களைக்குள் விடாமல் இருப்பதே நல்லது.

மெருகு: அரக்கும் எண்ணெயும்

மரத்தைத் தேர்ந்த பிறகு மெருகு. உப்புக் காகிதம் வருவதற்கு முன் நம் நாட்டில் அதன் வேலையைச் செய்தது ஓர் இலை. பராய் மரத்தின் இலை சொரசொரப்பானது. மரத்தையும் தந்தத்தையும் அதனால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். திருச்சிக்கு அருகிலுள்ள திருப்பராய்த்துறையின் ஸ்தல விருக்ஷம் அதுவே.

கர்நாடகத்தில் பெங்களூருவிலிருந்து மைசூரு போகும் வழியில் சன்னப்பட்டணம் இருக்கிறது. அங்கே பொம்மைகள் கடைவது நம் ஊரில் வெட்பாலை எனப்படும் மரத்தில். வெண்மையான, லேசான, சீரான இழை கொண்ட மரம். ஆந்திரத்தின் ஏடிகொப்பாக்காவிலும் அதே மரம்தான். சுழலும் கட்டையின் மீது வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினால் கண்ணாடி போல் பளபளக்கும்.

அரக்கு என்பது புரசு, இலந்தை, குசும் மரங்களில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பது. ராஞ்சிக்கு அருகே 1924இல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். பழைய கிராமபோன் தட்டுகள் செய்தது இந்த அரக்கில்தான். கலப்படமில்லாத அரக்கு உடம்புக்குக் கெடுதல் செய்யாது. மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும்கூட அதைப் பூசுகிறார்கள். ஆனால் அது சூட்டில் இளகும். கொதிக்கும் சாம்பாரில் அதற்கு வேலையில்லை. ஆகவே அரக்கு கைப்பிடிக்கும், செப்புக்கும், குழந்தை விளையாடும் சொப்புச் சாமானுக்கும் உரியது. கொதிப்பில் இறங்கும் கரண்டியின் தலை வெறும் மரமாகவோ எண்ணெய் ஊறியதாகவோ இருக்க வேண்டும். வார்னிஷ் பூசிய தலை சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். உரிந்தது எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்த எண்ணெய்? வேதியியல் படித்தவர்களுக்கு அயோடின் எண் நினைவிருக்கும். அது அதிகமுள்ள எண்ணெய் காற்றுப் பட்டு இறுகிப் படலமாகும். ஆளி விதை எண்ணெய்க்கு அது ஏறத்தாழ 170க்கு மேல், தேங்காயெண்ணெய்க்கு 10க்குள். ஆளி எண்ணெய் மரத்துக்குள் இறங்கி உறைந்துவிடும். தேங்காயெண்ணெய் உறையாது, அடிக்கடி தடவ வேண்டும், சில சமயம் சிக்கு வாடை வரும். ஆனால் பெயிண்ட் கடையில் விற்கும் 'காய்ச்சிய' ஆளி எண்ணெயை வாங்கக்கூடாது. சீக்கிரம் உலர்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். உணவுக்கென்று விற்கும் சுத்த ஆளி எண்ணெயே தகும். அதைத் தடவிய துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்துங்கள்; சுருட்டிய துணி தானே சூடேறித் தீப்பிடிப்பது உண்டு.

மரச் சாமானில் கிருமி தங்குமே என்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளைவர் என்ற பேராசிரியரும் சகாக்களும் காய் நறுக்கும் மரப் பலகைகளை ஆராய்ந்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். மரத்தின் மேற்பரப்பில் விட்ட கிருமிகள் உள்ளே இழுக்கப்பட்டு, சிறிது நேரத்தில் மேலே மிகக் குறைவாகவே மீண்டன. கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகையைச் சுத்தம் செய்வதுதான் கடினமாக இருந்தது. கழுவி, நிமிர்த்தி வைத்து உலர விடுவதே முக்கியம். மரத்தை இரவெல்லாம் தொட்டியில் ஊறவிடக்கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் இழை. கைப்பிடியிலிருந்து தலை வரை கோடுகள் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கழுத்தில் ஒடியும். அடுத்து நிறம். ஓரத்தில் வெளிறிய பட்டை இருந்தால் அது வெளிமரம்; அதிலுள்ள மாவுச்சத்தைத் தேடிப் பொடிவண்டு வரும். வைரம் பாய்ந்த பகுதியே நல்லது. பழைய தச்சர்கள் மரத்தை மாதக்கணக்கில் குளத்தில் அமிழ்த்தி வைத்தது அந்தச் சத்தைக் கரைக்கத்தான். மூன்றாவது வாசனையும் சாயமும். புதுக் கரண்டியை வெந்நீரில் கால் மணி நேரம் வையுங்கள். நீர் நிறம் மாறினாலோ பெயிண்ட் வாடை வந்தாலோ சமையலுக்கு வேண்டாம். பலா மரம் இயற்கையாகவே மஞ்சள் சாயம் விடும். அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் பால் பாயசத்தில் விடாதீர்கள். கடைசியாக, நனைத்துக் காயவைத்தபின் இழை சிலிர்த்துக்கொண்டு நின்றால் மெல்லிய உப்புக் காகிதத்தால் தேய்த்து எண்ணெய் தடவுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பிறகு சிலிர்க்காது.

என் தாயார் கல்யாணத்தின்போது கொண்டு வந்த பருப்பு மத்து எங்களோடு ஐந்து ஊர்களுக்கு வந்திருக்கிறது. அதன் தலையை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன்: நெருங்கிய இழை, சிறு துவாரங்கள், நடுத்தண்டு இல்லை, எந்தப் பூச்சும் இல்லை. செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்கு மரம் தெரிந்திருந்தது; வாங்கியவருக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. வாங்குபவர் கேட்கிற வரையில்தான் செய்பவர் தெரிந்து வைத்திருப்பார்.

நம் உறுப்பினர்கள் நாட்டின் பல நகரங்களில் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் கடைசல் பட்டறை இருந்தால் ஒருமுறை போய், அங்கே மத்துக்கும் துடுப்புக்கும் எந்த மரம் எடுக்கிறார்கள், அந்த வட்டாரத்தில் அதற்கு என்ன பெயர், ஏன் அந்த மரம் என்று கேட்டு எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்ததையும் சேருங்கள். நான்கு வரி போதும். அச்சில் ஏறினால் அடுத்து வருபவர்களுக்குக் கிடைக்கும்.